குறட்டையைக் கேட்டவர் தொண்டையைப் பார்க்கவில்லை

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. சின்ன வயதிலிருந்தே அடிக்கடி சளி, இருமல், இளைப்பு. குழந்தை நல மருத்துவர் தந்த ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் இரண்டு வேளை போட்டு வருகிறோம். பள்ளியில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் முடிப்பதில்லை. ஏடிஎச்டி (கவனம் சிதறி, அளவுக்கு மீறித் துறுதுறுப்பாக இருக்கும் குறைபாடு) இருக்கலாம், காட்டுங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். வீட்டில் தொட்டதற்கெல்லாம் கோபம், அடம். வாரத்தில் நான்கைந்து இரவு படுக்கையை நனைக்கிறான்.

என் நாத்தனார் மகளுக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்து ஹோமியோபதியில் சரியானதாம். அவர் வற்புறுத்தியதால் அதே மருத்துவரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். எதைக் கண்டால் பயப்படுவான், எந்தப் பக்கம் படுப்பான் என்பதுவரை கேட்டார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, தாத்தா மாதிரியே குறட்டை விடுவான் என்று சிரித்தபடி சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார். தினமும் அவன் நடத்தையை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். இன்ஹேலர் நோயை உள்ளே அமுக்குகிறது, மெல்லக் குறைத்து நிறுத்திவிடுங்கள், முதலில் கொஞ்சம் அதிகமாகும், அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்றார். அடுத்த தடுப்பூசியையும் தள்ளிப்போடச் சொன்னார். மூன்று வாரமாக 30சி உருண்டைகள் கொடுக்கிறேன். அடம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. இரவு நேரம் கழித்துத் தூங்கினால் மறுநாள் அடம் அதிகம் என்பதும் நோட்டில் தெரிகிறது. கணவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஹோமியோபதியைத் தொடரலாமா? இன்ஹேலரை நிறுத்தலாமா?

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆற அமரப் பேசலாம். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே குறைத்திருந்தால் இன்றே பழைய அளவுக்குத் திரும்பிவிட்டு, அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். அவருக்குத் தெரியாமல் அளவு குறைந்திருந்தால், அடுத்த முறை இளைப்பு வரும்போது அவர் தப்பாகக் கணக்குப் போட்டுவிடுவார்.

தடுப்பு இன்ஹேலரில் ஒரு சிக்கல் உண்டு. நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. மூச்சுக்குழாயின் உட்புற வீக்கத்தை அது நாள்பட அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தினால் வீக்கம் மெல்லத்தான் திரும்பும், அதுவரை பையன் நன்றாகவே ஓடியாடுவான். "பார்த்தீர்களா, இது தேவையே இல்லை" என்று எல்லோரும் நம்பிவிடும் நேரத்தில் ஒரு சாதாரணச் சளி வரும், அன்று இரவு மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கப்படுவது, ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாரிப்பது, இதில் எது தெரிந்தாலும் நிவாரண இன்ஹேலரை (இளைப்பு வந்தால் உடனே மூச்சுக்குழாயைத் திறப்பது) ஸ்பேசர் என்ற குழல் வைத்துக் கொடுத்துக்கொண்டே உடனே கிளம்புங்கள்.

ஸ்டீராய்டு என்றால் எல்லாப் பெற்றோருக்கும் பயம்தான். அது முழுக்கக் காரணமில்லாத பயமும் இல்லை. குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் இந்த வகை இன்ஹேலர் கொடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின் உயரத்தை அளந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளியானது. இன்ஹேலர் எடுத்தவர்கள் சராசரியாக 1.2 செ.மீ. குட்டையாக இருந்தார்கள். உண்மையான பக்கவிளைவு, மறைக்க ஒன்றுமில்லை. கட்டுப்பாடில்லாத இளைப்பு நோய், அதாவது ஆஸ்துமா, உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அளவைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. சில மாதங்கள் தொந்தரவில்லாமல் போனால், மருத்துவர் படிப்படியாக இறக்கி, எந்தக் குறைந்த அளவில் பையன் நன்றாக இருக்கிறானோ அந்த அளவிலேயே தொடரச் சொல்வார். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

"உள்ளே அமுக்குகிறது" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். நோய் உள்ளிருந்து வெளியே வர வேண்டும், தோலில் வருவதைத் தடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்பது ஹோமியோபதியில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் கருத்து. கண்ணால் பார்ப்பதும் அதற்கு ஒத்துப்போவது போலத் தோன்றும். கைக்குழந்தையில் கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் வந்து களிம்பு போட்ட பிள்ளைகளில் பலருக்கு அப்புறம் இளைப்பு வருகிறது. ஆனால் களிம்பே போடாத பிள்ளைகளுக்கும் வருகிறது. ஒவ்வாமைத் தன்மை உள்ள உடம்பில் முதலில் தோல், அப்புறம் மூச்சுக்குழாய், மூக்கு என்று வயதுக்கேற்ப இடம் மாறி வெளிப்படுவது வழக்கம்தான். களிம்பு அதைத் தள்ளிவிடுவதில்லை.

இதைவிட எனக்கு உறுத்தியது "முதலில் அதிகமாகும், அது நல்ல அடையாளம்" என்ற வார்த்தை. குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, கூடினாலும் மருந்து வேலை செய்கிறது என்றால், எப்போது வேலை செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியவரும்? பெரியவர்களுக்குப் பரவாயில்லை, மூச்சுத் திணறினால் எழுந்து நடந்து போய்ச் சொல்லிவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை மோசமாகும்போது, "இது எதிர்பார்த்ததுதான்" என்று தாய் காத்திருந்தால், இழப்பது நேரத்தை.

சரி, இனி அந்தக் குறட்டைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். அந்த மருத்துவர் அதைக் கேட்டு வாங்கினாரே, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் எங்களில் பலர் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் கேட்டதை உருண்டை தேர்ந்தெடுக்கும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டார். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

குழந்தைகள் தினமும் குறட்டை விடுவது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சளி பிடித்தபோது நான்கு நாள் என்றால் போகட்டும். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், சளி இல்லாதபோதும் வந்தால், காரணம் தேட வேண்டும். இந்த வயதில் அடிக்கடி காணப்படும் காரணம் டான்சில், அடினாய்டு என்ற சதைத் திரட்சிகள் பெரிதாக இருப்பது. டான்சில் தொண்டையின் இரு பக்கமும் இருக்கிறது, வாயைத் திறந்தால் தெரியும். அடினாய்டு மூக்குக்குப் பின்னால் மறைவாக இருக்கும், வாயைத் திறந்தாலும் தெரியாது. இரண்டு முதல் எட்டு வயதுவரை, மூச்சு போகும் வழியின் அகலத்தோடு ஒப்பிட்டால் இவை பெரியவை. விழித்திருக்கும்போது தசைகள் வழியைத் திறந்து வைத்துக்கொள்ளும். தூங்கியதும் தசை தளரும், வழி குறுகும், சில சமயம் சில நொடிகள் அடைத்தே போகும். மூளை உடனே பையனை லேசாக உசுப்பிவிடும், ஒரு பெரிய மூச்சு எடுப்பான், மறுபடி தூங்குவான். அவன் முழுதாக விழிப்பதே இல்லை, அதனால் உங்களுக்கும் தெரியாது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் படுப்பது மூச்சு வழியை அகலமாக்க உடம்பு தானாகவே கண்டுபிடித்த உபாயமாக இருக்கலாம். தாத்தாவின் குறட்டை வேறு கதை, அவரையும் ஒரு மருத்துவரிடம் காட்டுவது நல்லதுதான்.

தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்குப் பகலில் கண் சொக்கும். குழந்தைகளில் பலர் நேர் எதிர். இன்னும் வேகமாக ஓடுவார்கள், ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குத் தாவுவார்கள், சின்ன விஷயத்துக்கு வெடிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏடிஎச்டி போலவே இருக்கும். நேரம் கழித்துத் தூங்கினால் மறுநாள் அடம் அதிகம் என்று உங்கள் நோட்டே சொல்கிறது. பத்து மணி நேரம் படுத்திருந்தும் இரவெல்லாம் மூச்சுக்குப் போராடுகிற பிள்ளைக்கு, தினமும் நேரம் கழித்துத் தூங்கியது போலத்தானே இருக்கும்?

படுக்கையை நனைப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். அடைபட்ட வழியில் காற்றை இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் அழுத்த மாற்றத்தால் இதயத்தின் சுவர் விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் நினைத்துக்கொண்டு, சிறுநீரை அதிகப்படுத்தும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்தாலும், தூக்கம் துண்டு துண்டாகிக் களைத்துப்போன மூளைக்கு எழுந்திருக்கத் தோன்றுவதில்லை.

"கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்றீர்கள். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரிய அடினாய்டு அந்தக் குழாயின் வாயருகே உட்கார்ந்திருக்கும். குழாய் சரியாகத் திறக்காவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் பிசுபிசுப்பான நீர் தேங்கும். வலிக்காது, காய்ச்சல் வராது, கேட்கும் திறன் மட்டும் மங்கும். அமைதியான அறையில் பக்கத்தில் இருந்து பேசினால் கேட்கும், இரைச்சலான வகுப்பறையில் பின்னாலிருந்து ஆசிரியை கூப்பிட்டால் கேட்காது. இப்படிப்பட்ட பிள்ளைகளை "காது கேட்கும், வேண்டுமென்றே திரும்ப மாட்டான்" என்று சொல்வது ரொம்ப சாதாரணம்.

நான் உங்கள் மகனைப் பார்க்கவில்லை. எல்லாமே அடினாய்டுதான் என்று தொலைவிலிருந்து முத்திரை குத்துவது, பார்க்காமல் உருண்டை கொடுப்பதைவிடப் பெரிய நியாயம் ஒன்றும் ஆகாது. ஆனால் சளி, குறட்டை, துறுதுறுப்பு, காது, படுக்கை என்று ஐந்து தனித்தனிப் பிரச்சினையாக நீங்கள் எழுதியிருப்பவை ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பு இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டு மூன்று இரவு, அவன் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனதும், விடியற்காலையிலும், சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சும் முகமும் தெரியும்படி சத்தத்தோடு வீடியோ எடுங்கள். குறட்டை திடீரென்று நின்று, நெஞ்சு மட்டும் அசைந்து, பிறகு விக்கலெடுப்பது போல ஒரு மூச்சு வருகிறதா என்று பாருங்கள். தலை வியர்க்கிறதா, காலையில் தலைவலி என்கிறானா என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். இந்த வீடியோவோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் பாதி வேலை முடிந்தது. அவர் தொண்டையைப் பார்ப்பார், கேட்கும் திறனையும் செவிப்பறையின் அசைவையும் அளக்கச் சொல்வார், தேவைப்பட்டால் இரவு முழுவதும் மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார். வீடியோவில் ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தொந்தரவு பெரும்பாலும் விடியற்காலைத் தூக்கத்தில் கூடும், அது உங்கள் போனுக்குச் சிக்காமல் போயிருக்கலாம்.

பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தால் உடனே கத்தி எடுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். லேசாக இருந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அறுவைச் சிகிச்சை பற்றி நல்ல ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ள, 5 முதல் 9 வயதுவரையான 464 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தார்கள், இன்னொரு பிரிவைக் கவனமாகக் காத்திருக்க வைத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை எல்லாம் தெளிவாக முன்னேறியிருந்தன. ஆனால் மேசையில் உட்கார வைத்துக் கவனத்தை அளக்கும் சோதனைகளில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. சும்மா காத்திருந்த பிள்ளைகளில் 46 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை தானாகவே சரியாகியிருந்தது.

இந்த 46 சதவீதத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு மாதமும் அவர்களுக்கு யாராவது உருண்டை கொடுத்திருந்தால், பாதிக்குப் பாதி குணம் என்று பேசியிருப்பார்கள். பேசுகிறவர்கள் பொய் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். உங்கள் நாத்தனார் மகள் விஷயமும் இந்த மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் டூசானில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு 1995-ல் வெளியானது. மூன்று வயதுக்குள் இளைப்பு வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் இளைப்பு இல்லை. மூச்சுக்குழாய் வளர்ந்து அகலமானது இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம். எந்த மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது நின்றதோ அந்த மருந்துக்குப் பெயர் போய்விடும். நாத்தனாரிடம் இதை வைத்து வாதாட வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

உருண்டைகளைப் பற்றி நீங்கள் நேராகவே கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-ல் இந்த முறையை முன்வைத்தார். ரத்தத்தை வடித்தும் பாதரசம் கொடுத்தும் நோயாளிகளை வதைத்த காலம் அது. ஒன்றும் இல்லாததைக் கொடுத்தவர் கையில் பலர் பிழைத்ததில் ஆச்சரியமில்லை. 30சி என்றால், ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி முப்பது தடவை. கணக்குப் போட்டால் 1-க்குப் பின்னால் 60 பூஜ்யம். பன்னிரண்டாவது தடவையைத் தாண்டினாலே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம். ஒரு சொட்டில் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்று கணக்கிட வழி கிடைத்தது 1865-ல், ஹானிமன் இறந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு. அவரைக் குறை சொல்ல முடியாது.

இருந்தாலும் கணக்கை மட்டும் வைத்து ஒரு மருத்துவத்தைத் தள்ளிவிடக் கூடாது, கொடுத்துப் பார்த்து என்ன ஆனது என்பதுதான் முக்கியம். அதையும் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் 61 நோய்நிலைகள் பற்றிய 176 ஆய்வுகளை அலசி, எந்த ஒன்றிலும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று முடித்தது. ஏடிஎச்டிக்கு மட்டும் தனியாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2007-ல் பார்த்தது. நான்கு சிறிய ஆய்வுகள், மொத்தம் 168 பிள்ளைகள். முக்கிய அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. குழந்தைகளின் சளி, சுவாசத் தொற்றுகளுக்கு அதே அமைப்பு 2018-ல் பார்த்தபோதும் வெறும் சர்க்கரை உருண்டையைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை.

உங்கள் கையில் இருப்பது 30சி என்பதால் அதனால் உடம்புக்குக் கெடுதல் வர வாய்ப்பு இல்லை. எல்லா ஹோமியோபதி மருந்துக்கும் இதைச் சொல்ல மாட்டேன். குறைவாகக் கரைத்தவற்றில் மூலப்பொருள் நிஜமாகவே இருக்கும். பல் முளைக்கும் கைக்குழந்தைகளுக்கு விற்ற சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் அளவு ஒரே சீராக இல்லை, சிலவற்றில் லேபிளில் போட்டிருந்ததைவிட மிக அதிகம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் அறிவித்தது. அதனால் பாட்டிலில் 3எக்ஸ், 6எக்ஸ் மாதிரி, குறைவாகக் கரைத்தது என்று காட்டும் குறியீடு எழுதியிருந்தால் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் மூன்று வாரத்தில் அடம் குறைந்தது எப்படி? நீங்கள் கற்பனை செய்துகொண்டீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1994-ல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. இனிப்பு சாப்பிட்டால் என் பையன் ஆட்டம் போடுவான் என்று நம்பிய தாய்மார்கள், 5 முதல் 7 வயதுச் சிறுவர்கள். எல்லாச் சிறுவர்களுக்கும் சர்க்கரை இல்லாத பானத்தையே கொடுத்துவிட்டு, பாதித் தாய்மார்களிடம் மட்டும் "நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்தத் தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளுவதாகத் தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. வீடியோவில் பார்த்தபோது அவர்கள் பிள்ளையை ஒட்டியே நின்றார்கள், அதிகம் குறை சொன்னார்கள். எதிர்பார்ப்பு பார்வையை மாற்றியது, பார்வை நடத்தையை மாற்றியது.

உங்கள் வீட்டில் இதே சங்கதி நல்ல திசையில் நடந்திருக்கலாம். உங்களுக்கு நம்பிக்கை வந்தது, குரலில் எரிச்சல் குறைந்தது. ஒன்றரை மணி நேரம் இரண்டு பெரியவர்கள் தன்னைப் பற்றி அக்கறையாகப் பேசுவதை அவன் பார்த்தான். நோட்டு எழுத ஆரம்பித்ததால், எதற்குப் பிறகு கோபம் வருகிறது என்று கவனிக்கத் தொடங்கினீர்கள். இரவு சீக்கிரம் படுக்க வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பலன் இவற்றால் வந்திருந்தால், உருண்டையை நிறுத்தினாலும் அது உங்களோடுதான் இருக்கும்.

ஆகவே நோட்டை விடாதீர்கள். 6 முதல் 12 வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் படுக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். விடுமுறை நாளிலும் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர வேண்டாம். ஏதாவது செய்யச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு அறையிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, அவன் முகம் திரும்பிய பிறகு ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். காது மங்கலாக இருந்தாலும் பலன் தரும், கவனம் சிதறும் பிள்ளையாக இருந்தாலும் பலன் தரும். செய்து முடித்ததும் அந்த நிமிடமே பாராட்டுங்கள், சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிப் பாராட்டுவதற்கு இந்த வயதில் அவ்வளவு வலு இல்லை. அடத்தில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திருத்தப் போகாதீர்கள். யாரையாவது அடிப்பது, பொருளை எறிவது மாதிரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் இருவரும் ஒரே மாதிரி உறுதியாக இருங்கள், மற்றதைக் கொஞ்ச நாள் கண்டும் காணாமல் விடுங்கள். இதில் கணவருக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு வரக் காரணமே இல்லை.

படுக்கையை நனைப்பதற்குத் திட்டுவதோ, தம்பி தங்கை முன்னால் கேலி செய்வதோ கூடாது. அவன் வேண்டுமென்று செய்வதில்லை. ஏழு வயதில் 5 முதல் 10 சதவீதம் பிள்ளைகளுக்கு இது இருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தானாக நின்றுவிடுகிறது. பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் வாய்ப்பு அதிகம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். சிறுநீரையும் ஒரு முறை பரிசோதித்துவிடலாம். இதெல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்தால், ஈரம் பட்டதும் ஒலிக்கும் படுக்கை அலாரம் நல்ல வழி. இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் பழக்க வேண்டும். திடீரென்று தண்ணீர் அதிகம் குடித்து, எடை இறங்கினால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனை எழுதினால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சத்தின் கையிருப்பு குறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலர் இரவில் காலை உதைத்துக்கொண்டே தூங்குவார்கள்.

ஏடிஎச்டி பற்றி ஆசிரியை சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். தூக்கமும் காதும் சரியான பிறகும் அதே நிலைமை ஆறு மாதத்துக்கு மேல், வீடு, பள்ளி இரண்டிலும் இருந்தால் முறையாக மதிப்பிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஏடிஎச்டியும் இருக்கும், மூச்சடைப்பும் இருக்கும். உறுதியானால், பெற்றோருக்கான பயிற்சியும் பள்ளியில் சில மாற்றங்களும் தொடக்கம். தேவைப்படுகிறவர்களுக்கு மருந்தும் உண்டு. அந்த மருந்துகள் பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கொஞ்சம் கெடுக்கும், அதற்காக எடையையும் உயரத்தையும் அளந்துகொண்டே போவார்கள். ஆனால் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டவை.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பதிலாக ஹோமியோபதி சொட்டு தருகிறேன் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஹோமியோபதித் தடுப்பு மருந்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை உயர்த்தவில்லை, வழக்கமான தடுப்பூசி உயர்த்தியது.

தொடரலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஹோமியோபதி பார்க்கிற எல்லோரும் இன்ஹேலரை நிறுத்தச் சொல்வதில்லை. "அதையும் தொடருங்கள், என்னிடமும் வாருங்கள்" என்கிற ஒருவராக இருந்திருந்தால், உங்கள் விருப்பம் என்று விட்டிருப்பேன். இவர் ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தடுப்பு இன்ஹேலரைக் குறைக்கச் சொல்கிறார், தடுப்பூசியைத் தள்ளுகிறார், மோசமானால் நல்லது என்கிறார். இவரிடம் திரும்பப் போக வேண்டாம். மனம் விட்டுப் பேச ஒரு மணி நேரம் வேண்டும் என்ற உங்கள் ஏக்கம் நியாயமானது. குழந்தை வளர்ச்சி, நடத்தை சார்ந்த நிபுணர்களும் குழந்தை உளவியலாளர்களும் முதல் சந்திப்புக்கு அந்த அளவு நேரம் ஒதுக்குவது வழக்கம். வழக்கமான மருத்துவரிடமும் "கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும், கூட்டம் குறைந்த நேரம் சொல்லுங்கள்" என்று முன்பே கேட்டால், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆசிரியையிடம் இரண்டு உதவி கேளுங்கள். காது பரிசோதனை முடியும்வரை அவனை முன் வரிசையில் உட்கார வைக்கட்டும். எந்த நேரத்தில் அதிகம் கலைகிறான், காலையிலா மதியத்திலா, எழுதும்போதா கேட்கும்போதா என்று நான்கு வரி எழுதித் தரட்டும். அதையும் நோட்டையும் வீடியோவையும், எல்லா மருந்து பாட்டில்களையும், உருண்டைகள் உட்பட, எடுத்துக்கொண்டு போங்கள். வீடியோவில் மூச்சு நிற்பது தெளிவாகத் தெரிந்தாலோ, தூக்கத்தில் உதடு நிறம் மாறினாலோ, குறித்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்து முன்னதாக நேரம் கேளுங்கள்.